கூல விலையும் வணிகக் கூட்டும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

'கொள்ளை' என்னும் சொல் இன்று சூறையாடலையே குறிக்கின்றது. சங்க நூல்களில் அதற்கு விலை என்னும் பொருளும் உண்டு. உப்பு வணிகராகிய உமணர் தம் பண்டத்தின் கொள்ளையைக் கூவியுரைத்துச் செல்லும் செய்தி அகநானூற்றிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் வருகின்றது. ஆண்டுக் 'கொள்ளை' என்பது ஒரு பண்டத்திற்கு ஈடாகக் கொள்ளப்படுவது என்னும் அளவினதேயாம். இகழ்ச்சி அதன்கண் இல்லை. கொள்ளுதல் என்னும் ஒரே வினையடியினின்று விலையும் வழிப்பறியும் கிளைத்தன. பருப்பும் எண்ணெயும் விலை ஏறுங்காலத்து 'வணிகர் கொள்ளை இலாபம் அடிக்கின்றனர்' என்று மக்கள் உரைக்கும்போது, நேரிய விலை முடிந்து பறிப்புத் தொடங்கும் எல்லை யாது என்னும் வினா அத்தொடருள் அடங்கிக் கிடக்கின்றது.

இவ்வினாவை வரலாற்று மாணவர் இரு வகையாகப் பிழைபடக் கொள்ளுதல் கூடும். மக்களின் ஐயத்தையே சான்றாகக் கொண்டு வணிகரைக் குற்றவாளியாக்குதல் ஒன்று. அவ்வையம் பொருளியல் அறியாதாரது பேதைமையென ஒதுக்குதல் மற்றொன்று. இரண்டும் ஆராயாது முடிபு கூறுவனவே. ஐயம் எழுந்த சூழலை ஆராய்ந்து, விற்போர் எத்துணையர், வாங்குவோர்க்கு வேறு வழி இருந்ததா என்று காண்டலே நெறியாம். தென்னார்க்காட்டின் மேற்கெல்லையில் அமைந்த கள்ளக்குறிச்சியையும் அதன் தலைமேல் நிற்கும் கல்வராயன் மலையையும் நிலைக்களனாகக் கொண்டு அந்நெறியை ஈண்டு மேற்கொள்கின்றோம்.

2. விலையைக் கூறும் முறை

ஆய்வுட் புகுமுன் ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. பழைய விலைப்பட்டிகள் பல 'ஓர் அளவுக்கு இத்தனை பணம்' என்று கூறாமல், 'ஒரு ரூபாய்க்கு இத்தனை படி' என்றும், ஆங்கில ஆட்சியாளர் பதிவுகளில் 'இத்தனை சேர்' என்றும் கூறும். அங்கே பணம் நிற்கும். பண்டமே கூடும் அல்லது குறையும். எண் இறங்கின் விலை ஏறிற்று என்பது பொருள். இதனை மறந்து பட்டியைப் பார்ப்போர் பஞ்சத்தை மலிவெனக் கொள்ளவும் நேரும்.

படியும் எங்கும் ஒரு தன்மையதாய் இருந்திலது. ஊருக்கு ஊர் அளவு மாறிற்று. குவித்து அளத்தலும் தலைதட்டி அளத்தலும் வெவ்வேறு பயன் தந்தன. உழவனிடம் குவித்து வாங்கி, உண்போனிடம் தலைதட்டி விற்றால், விலை மாறாமலேயே இலாபம் பெருகும். 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்திற்குப் பின்னர், 1958 தொடங்கிப் படிப்படியாக மெட்ரிக் அளவை நடைமுறைக்கு வந்தமையால் இவ்வாயில் பெரும்பாலும் அடைபட்டது. எனினும் முற்றும் ஒழிந்தது என்றல் பொருந்தாது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என விலை நிற்க, உள்ளிருக்கும் எடை மட்டும் குறைந்துவரும் சிறு பொட்டலங்களை இன்று எந்த மளிகைக் கடையிலும் காணலாம். இதுவும் 'ரூபாய்க்கு இத்தனை படி' என்னும் பழைய கணக்கே. எடை பொட்டலத்தின்மேல் அச்சிடப்பட்டிருத்தலின் இது சட்டத்திற்குப் புறம்பன்று. ஆயினும் விலையை மட்டும் நோக்குவார் கண்ணுக்கு ஏற்றம் புலனாவதில்லை.

3. பழைய நூல்கள் காட்டும் இரு நோக்கு

வணிகர் ஒழுக்கம் குறித்துத் தமிழ் நூல்கள் கூறுவன யாவரும் அறிந்தன. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளும்போது மிகையாகக் கொள்ளார், கொடுக்கும்போது குறைத்துக் கொடார் என்று பட்டினப்பாலை புகழ்கின்றது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகம் என்பது நடுவுநிலைமை அதிகாரத்திற் காணப்படும் வள்ளுவர் கருத்து. மணிமேகலை ஆசிரியராகிய சாத்தனாரே மதுரைக் கூலவாணிகர் என்று வழங்கப்பெற்றவர். ஆதலின் கூலம் விற்றல் இழிதொழிலாக ஒருகாலும் கருதப்பட்டதன்று.

ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. பட்டினப்பாலை புகழும் ஒழுக்கம் பல நாட்டு மக்கள் கலந்துறைந்த துறைமுகத்தில் நிகழ்ந்தது. அங்கே ஒருவன் மிகையாகக் கேட்பின் வாங்குவோன் அடுத்தவனை நாடுதல் கூடும். அறம் அவ்வணிகர் நெஞ்சில் இருந்தது உண்மையே. அதற்குத் துணையாக அங்காடியின் அகலமும் இருந்தது என்று யாம் கருதுகின்றோம்.

வடமொழி அர்த்தசாத்திரம் அறத்தை மட்டும் நம்பிற்றிலது. உள்நாட்டுப் பண்டத்திற்கு நூற்றுக்கு 5, அயல்நாட்டுப் பண்டத்திற்கு நூற்றுக்கு 10 என வணிகர் இலாபத்திற்கு அது வரம்பிட்டது. தம்முட் கூடிப் பண்டத்தைத் தடுப்போர்க்கும் விலையை மாற்றுவோர்க்கும் 1000 பணம் தண்டம் விதித்தது. தனி வணிகன் பேராசையினும் வணிகர் கூட்டே அஞ்சத்தக்கது என்பதை அந்நூலாசிரியர் உணர்ந்திருந்தனர்.

கிரேக்க நாட்டிலும் இதற்கு ஒப்பான வழக்கு ஒன்று உண்டு. கி.மு. 386ஐ ஒட்டி ஏதென்சு நகரில் கூலவணிகர்மேல் தொடுக்கப்பட்ட வழக்கில் இலீசியசு என்பார் இயற்றிய குற்றச்சாட்டுரை இன்றும் கிடைக்கின்றது. குறித்த அளவுக்கு மேல் ஒருங்கே வாங்கினர் என்பது குற்றம். போட்டியிட்டு வாங்கினால் விலை ஏறும் என்பதனாலேயே கூடி வாங்கினோம். மக்களுக்கு மலிவாகக் கொடுத்தற்பொருட்டே அவ்வாறு செய்தோம் என்பது வணிகர் விடை. அங்ஙனமாயின் ஒரே நாளில் விலையை ஏற்றி விற்றது ஏன் என்பது வழக்குரைப்போர் எதிர்வினா. கூடியதற்கு அவர்கள் கூறிய காரணத்தை விட்டு, கூடியபின் விலை எப்பக்கம் சென்றது என்று நோக்கும் இம்முறை, ஈராயிரத்து நானூறு ஆண்டுகட்குப் பின்னும் நமக்குப் பயன்படுவதாகும்.

தமிழகத்து வணிகக் குழுக்களும் இங்கு நினைக்கத்தக்கன. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பிரான்மலைக் கல்வெட்டு, பண்டப் பொதிகளின்மீது வணிகர் தாமே பட்டணப்பகுடி என்னும் மகமை விதித்துக் கோயிற்கு அளித்தமையைக் கூறும். மகமை கொடுத்தற்பொருட்டு ஒன்றுபடும் வன்மை உடையோர்க்கு விலை குறித்து ஒன்றுபடும் வன்மையும் இருக்கும். அவ்வாறு செய்தனர் என்பதற்கு அக்கல்வெட்டுச் சான்றாகாது. வன்மை வேறு, செயல் வேறு. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் ஆய்வாளர் கடனாம்.

4. பஞ்சமும் கொள்கையும்: 1876–78

சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிரைக் கொண்ட தாது ஆண்டுப் பஞ்சம் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. மழை பொய்த்தது, விளைவு குன்றியது, விலை ஏறியது. மாகாண ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகன் 1876இன் இறுதியில் அர்பத்நாட்டு நிறுவனத்தின் வாயிலாக 30,000 டன் கூலத்தை வெளிப்படுத்தாது வாங்கச் செய்தார். வைசிராய் இலிட்டனின் அரசு இதனைக் கண்டித்தது. அரசு வாங்கப் புகின் தனி வணிகர் பின்வாங்குவர், வணிகத்தைத் தன்போக்கில் விடுதலே பஞ்சம் தீர்க்கும் வழி என்பது அவர்கள் கொண்ட கொள்கை.

இக்கொள்கையின் மூலம் ஆடம் சுமித்து 1776இல் வெளியிட்ட பொருளியல் நூலில் உள்ளது. கூலத்தைப் பதுக்குவோர்பால் மக்கள் கொள்ளும் அச்சத்தைச் சூனியக்காரிகள்பால் கொள்ளும் அச்சத்தோடு அவர் ஒப்பிட்டார். அதே நூலில் வேறோரிடத்தில், ஒரு தொழிலைச் சார்ந்தோர் கூடினால் அக்கூட்டம் பெரும்பாலும் விலையேற்றும் சூழ்ச்சியில் முடியும் என்றும் அவரே உரைத்தார். ஒன்றற்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு கூற்றும் உண்மையில் ஒரு கருத்தின் இரு பக்கங்களே. பலராய்ப் பரந்து கிடக்கும் வணிகர் கூடுதல் அரிது. சிலராய் நெருங்கி வாழ்வோர் கூடுதல் எளிது. 1876இன் ஆட்சியாளர் முதற்கூற்றை மட்டும் மேற்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டனர்.

அவர்தம் கொள்கை பொருந்துதற்கு வழியும் வண்டியும் வேண்டும். இருப்புப்பாதை செல்லாத உள்வட்டாரங்களுக்குக் கூலம் மாட்டு வண்டியிலேயே செல்லவேண்டியிருந்தது. பஞ்சத்தில் மாட்டுக்கும் தீவனமில்லை. மாடு மடிந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் ஓரூரில் உள்ள களஞ்சியமே அவ்வூர்க்கு உலகமாகிவிடும். அந்நிலையில் ஊரில் நெல் வைத்திருக்கும் இருவர் மூவர், கூடிப் பேசாமலே கூட்டு வணிகராகின்றனர். ஒருவர் விற்காதிருத்தல் மற்றவர்க்கும் ஆதாயமாதலின் சொல் தேவையில்லை. தடையற்ற வணிகம் என்ற பெயர் மட்டும் அங்கே நிலவும். வணிகப் போட்டி என்னும் பொருள் இராது.

5. 1918ஆம் ஆண்டுக் கலவரங்கள்

முதல் உலகப்போரின் இறுதியாண்டில் கப்பலும் இருப்புப்பாதை வண்டியும் போருக்குச் சென்றன. துணி, மண்ணெண்ணெய், உப்பு, அரிசி ஆகியவற்றின் விலை உயர்ந்தது. 1918 மே முதல் செப்டம்பர் வரை சென்னை மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் கடைகளும் களஞ்சியங்களும் தாக்கப்பட்டன. செப்டம்பரில் சென்னை நகரிலும் கலவரம் நிகழ்ந்தது. இவற்றை விரிவாக ஆராய்ந்து 1979இல் கட்டுரை வெளியிட்ட வரலாற்றாசிரியர் தேவிடு அர்னால்டு, இக்கூட்டங்களை வெறுங் கொள்ளைக் கூட்டங்களாகக் கருதவில்லை. பலவிடத்து மக்கள் முதலில் நேரிய விலைக்கு விற்குமாறு வணிகரைக் கேட்டனர், மறுத்தவிடத்தே சூறையாடினர்.

கேட்கப்பட்டது இலவசமன்று, விலை. அவர்கள் நெஞ்சில் ஒரு விலைக் கணக்கு இருந்தது என்பதற்கு இதுவே சான்று. அக்கணக்குப் பிழையாகவும் இருந்திருக்கலாம். போர்க்காலத்துக் கப்பல் தட்டுப்பாட்டைக் கடைத்தெருவில் நிற்பவர் அறிய இயலாது. எனினும், முன்னரே மலிவாக வாங்கிவைத்த சரக்கைப் புதுவிலைக்கு விற்கின்றனர் என்னும் குறையைப் பிழையென்று தள்ளிவிட முடியாது. கலவரம் செய்தார் செயலை நாம் போற்றவில்லை. அவர்தம் ஐயம் ஆராயத்தக்கது என்கின்றோம்.

6. கட்டுப்பாடும் பங்கீடும்

1942இல் பர்மா வீழ்ந்தமையால் அந்நாட்டரிசி நின்றது. கட்டாயக் கொள்முதலும் பங்கீடும் பின்வந்தன. 1952 சூன் திங்களில் முதலமைச்சர் இராசாசி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பதுங்கியிருந்த நெல் வெளிவந்தது என்று அதனைப் போற்றுவோர் கூறுவர். ஆனால் 1960களின் இடைப்பகுதியில் மீண்டும் அரிசித் தட்டுப்பாடு நேர்ந்தது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி' என்னும் உறுதிமொழி பெரும்பங்கு கொண்டது. மேலே யாம் சுட்டிய பழைய விலைமொழி ஓர் ஆட்சி மாற்றத்திற்கே துணைநின்றமை காண்க. சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில் அது நடைமுறைப்பட்டது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. 1997இல் நடுவணரசு பங்கீட்டை வறியோர்க்கு மட்டும் வரையறுத்தபோதும் தமிழகம் அனைவர்க்கும் பொதுவான முறையைக் கைவிடவில்லை. 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் சிறப்புத் திட்டத்தின்கீழ்ச் சேர்ந்தன.

பங்கீட்டுக் கடையின் பயன் வறியோர்க்கு உணவளித்தல் மட்டுமன்று. ஓரூரில் ஒரே மளிகைக் கடை இருப்பினும், பங்கீட்டுக் கடை அதற்கு எதிர்நிற்கும் இரண்டாங் கடையாகின்றது. திருவல்லிக்கேணியில் 1904இல் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம் முதலாகக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடியதும் இதுவே.

7. கல்வராயன் மலை

இனி மலைமேற் செல்வாம். 2019 நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்தினின்று பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டம் அதன் மேற்புறத்தது. மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சாரும். ஆண்டு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். சாமை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவற்றை விளைப்பர். புளி, கடுக்காய், தேன் ஆகியவற்றைக் காட்டினின்று கொணர்வர். உப்பு, துணி, எண்ணெய் ஆகியவற்றைச் சமவெளியினின்றே பெறுதல் வேண்டும். உப்பு விளைவது கிழக்கே மரக்காணம் முதலிய கடற்கரையில். உண்ணப்படுவது மேற்கே மலையுச்சியில். உமணர் வழி நீண்டது என்னும் சங்க காலச் செய்தி இங்கே பொருள் விளங்கி நிற்கின்றது.

சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் பட்டம் பூண்ட சாகீர்தாரின் ஆட்சியில் இம்மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி நெடுங்காலம் இருந்தது. 1976இலேயே அது முற்றும் அரசின்கீழ் வந்தது. சமவெளியில் சமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டமையை நோக்க, இடைப்பட்ட கால இடைவெளி புலனாகும். சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் பிந்தியதுபோலவே அங்காடியும் பிந்தியது.

மலைவாழ் மக்களின் வணிக நிலையை இந்தியப் பொதுநிலையோடு சேர்த்து நோக்கினால் ஓர் இயல்பு விளங்கும். சமவெளியில் கடன் கொடுப்போன் ஒருவன், உப்பு விற்போன் மற்றொருவன், நெல் வாங்குவோன் வேறொருவன். மலையில் இம்மூவரும் ஒருவனேயாதல் உண்டு. மழைக்காலத்தில் அவனிடம் கடனாகப் பண்டம் பெற்றவர், புளியும் கடுக்காயும் கொண்டுவரும் காலத்து அவற்றை வேறெவர்க்கும் விற்க இயலாது. அவன் உப்புக்கு மிகை விலை கூறினும், புளிக்குக் குறைவிலை கூறினும், இரண்டிற்கும் இடையே கடன் நிற்றலின் மறுமொழி இல்லை. இங்கே விலை என்பது மூன்று கணக்கின் ஒரு பகுதியே. உப்பின் விலையை மட்டும் பதிவேட்டிற் பார்ப்பார்க்கு அது பெரிதாகத் தோன்றாமலும் போகலாம்.

நடுவணரசு 1971இல் அமைத்த பாவா குழு இவ்வியல்பை உணர்ந்தது. கடனுக்கு ஒரு சங்கம், விற்பனைக்கு ஒரு சங்கம் எனப் பிரித்தமைத்தால் பழங்குடியினர்க்குப் பயனில்லை, மூன்று தொழிலையும் ஒருங்கே செய்யும் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமே வேண்டும் என்பது அதன் முடிபு. அதன்வழித் தோன்றியவையே இன்று 'லேம்ப்' என வழங்கும் சங்கங்கள். கல்வராயன் மலையிலும் அத்தகைய சங்கம் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்மேல் அம்மக்களுக்கு உரிமை தந்தது. உரிமை பெற்ற பொருளை நல்விலைக்கு விற்க இரண்டாவது வாங்குவோன் வேண்டும். அவன் வருதற்குச் சாலை வேண்டும். 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டமை, இத்தேவைகள் இன்னும் நிறைவுறாமையையே காட்டும்.

8. அண்மைக்காலச் சான்றுகள்

2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியது. மழைக்குறைவால் விளைவு குன்றியது உண்மை. அதே வேளையில் பல மாநிலங்களில் அரசு இருப்பு வரம்பு விதித்துச் சோதனையிட்டு மிகுதியான பருப்பைக் கைப்பற்றியது. இயற்கைக் குறைவும் பதுக்கலும் ஒருங்கே இயங்குதல் கூடும் என்பதற்கு இது சான்று. அடுத்த பருவத்தில் விளைவு பெருகவே, உழவர் பெற்ற விலை ஆதரவு விலைக்கும் கீழே இறங்கிற்று. ஏறியபோது உண்போரும் இறங்கியபோது உழவரும் இடருற்றனர்.

வெங்காய வணிகத்தை ஆராய்ந்து பெங்களூர்ச் சமூகப் பொருளாதார மாற்ற நிறுவனம் 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திற்கு அளித்த அறிக்கை, முதன்மைச் சந்தைகளில் பெருவணிகர் சிலரின் ஆதிக்கத்தைச் சுட்டியது. அங்காடியிற் கடைகள் பல இருப்பினும் மொத்த வணிகம் சிலர் கையதாயின் போட்டி மெலிந்ததே என்பது இதனால் பெறப்படும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம் முதலிய ஊர்களின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கும் இது பொருந்தும். மறைமுக ஏலம் நல்ல முறையே. ஏலத்திற்கு வருவோர் இருவராயின் அதன் மறைவு எளிதில் வெளிப்பட்டுவிடும்.

9. ஆராயும் அளவைகள்

மேற்கூறியவற்றினின்று நான்கு அளவைகளை வகுக்கலாம். ஒன்று: வரத்துக் குறையாதிருக்க விலை ஏறிற்றா என்று காண்டல். இரண்டு: ஈரூர் விலைகளின் வேற்றுமை வண்டிக்கூலியினும் மிக்கதா என்று காண்டல். மூன்று: மொத்த விலை ஏறியவழி உடனே ஏறும் சில்லறை விலை, அஃது இறங்கியவழி அத்துணை விரைவில் இறங்கிற்றா என்று காண்டல். நான்கு: புதிய வணிகன் ஒருவன் அவ்வங்காடியிற் புக இயலுமா, புகுந்தால் கடனாற் கட்டுண்ட மக்கள் அவனிடம் வாங்க இயலுமா என்று காண்டல். எல்லாக் கடையிலும் ஒரே விலை என்பது மட்டும் கூட்டுக்குச் சான்றாகாது. கடும்போட்டியிலும் விலைகள் ஒன்றாகவே நிற்கும்.

இவற்றுள் நான்காவதே தலையாயது என்பது எம் துணிபு. முதல் மூன்றும் நிகழ்ந்த கேட்டைக் காட்டும். நான்காவது கேடு நிகழும் இடத்தை முன்னரே காட்டும். வணிகர் நல்லரா தீயரா என்னும் வினாவிற்கு வரலாறு விடை கூறுதல் அரிது. உண்போர்க்கு இரண்டாவது கடை இருந்ததா, விளைப்போர்க்கு இரண்டாவது வாங்குவோன் இருந்தானா என்னும் வினாவிற்குப் பதிவேடுகளும் சாலைகளும் விடை கூறும். வட்டார வரலாறு எழுதப்புகும் மாணவர், கோயிற் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் அதே ஊக்கத்தோடு, ஊர்க் கடைகளின் பழங்கணக்குகளையும் கூட்டுறவுச் சங்கங்களின் இருப்புப் பதிவுகளையும் தேடித் தொகுத்தல் வேண்டும். மலையூர் ஒன்றில் ஒரு படி உப்புக்கு எத்தனை படி புளி கொடுக்கப்பட்டது என்று கூறவல்ல முதியோர் இன்னும் உளர். அவர்பாற் கேட்டறிதல் காலந்தாழ்க்கத் தகாத பணியாகும்.